கோதுமை சமைத்த கடைத்தெரு



நம்மவருள் மண்டி வைத்து வாழ்வோர் பலராதலின், தானிய வியாபாரத்தால் எழுந்த ஓர் அயல்நாட்டுக் கடைத்தெருவைக் குறித்து இன்று பேசக் கருதினோம். அது கானடா தேசத்து வின்னிபெக் நகரில் உள்ளது. 1885-இல் முற்றுப்பெற்ற பஸிபிக் இருப்புப்பாதை, மேற்குச் சமவெளிகளின் கோதுமையை அவ்வூர் வழியாகவே கிழக்கே கொண்டு சென்றது. 1881-இல் ஏறக்குறைய 8,000-ஆக இருந்த ஜனத்தொகை 1911-இல் 1,36,035 ஆயிற்று.

விந்தை யாதெனின், கோதுமை அக்கடைத்தெருவினுள் புகவேயில்லை. இரயில் வண்டிகள் ஊரின் நிலையத்தில் தங்கும். சர்க்கார் பரிசோதகர் மாதிரி எடுத்துத் தரம் குறிப்பர். பின்பு வண்டிகள் சுப்பீரியர் ஏரிக்கரைக் களஞ்சியங்களுக்குச் சென்றுவிடும். தெருவுக்கு வந்தவை மாதிரிப் பைகளும் ரசீதுகளும் தந்திகளுமே. மூட்டையைக் குத்திக் கையில் ஏந்திப் பார்த்தாலன்றி விலை பேசாத நமக்கு இது புதுமையாகத் தோன்றும். தரச்சீட்டை நம்பி வாங்கலும் விற்றலும் நிகழ்ந்தமையால், அங்கே தரகர் அலுவலகங்களும் பாங்கிகளும் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளும் நெருங்கி எழுந்தன. 1887-இல் தானியப் பரிவர்த்தனை மன்றம் தோன்றிற்று. 1904-இல் கோதுமையில் முன்பேர வியாபாரம் தொடங்கிற்று. 1908-இல் லம்பார்டு வீதியில் அதற்கெனப் பெருமாளிகை திறக்கப்பெற்றது.

சங்கம் நடத்தும் நாம் ஊன்றி நோக்கத்தக்க வழக்கொன்று இவ்விடத்தே உண்டு. 1906-இல் குடியானவர் தாமே ஒரு தானியக் கம்பெனி அமைத்து மன்றத்தில் இடம் பெற்றனர். தானியம் அனுப்பியவர்க்கு அதனளவே லாபத்தைப் பங்கிட அவர் எண்ணினர். அது கமிஷன் விதிக்கு மாறென மன்றத்தார் அவரை வெளியேற்றினர். மானிடோபா சர்க்கார் தலையிட்ட பின்னரே, 1907-இல், அவர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். அப்பங்கீட்டையும் கைவிட நேர்ந்தது. விதியைக் காத்தல் எந்த மன்றத்திற்கும் கடனே. ஆயினும் உழுதவன் தன் விளைவைத் தானே விற்கப் புகுங்கால் அவ்விதியையே கதவாக்கி அடைத்தது முறையென நமக்குத் தோன்றவில்லை.

1914-இல் பனாமாக் கால்வாய் திறந்தபின் சரக்கு வேறு வழியும் கண்டது. 1935-இல் அமைந்த கோதுமை வாரியம், 1943 முதல் 2012 வரை மேற்குக் கானடாவின் கோதுமை விற்பனையில் தனியுரிமை பூண்டிருந்தது. தரகர் தொழில் சுருங்கிற்று. ஆதலின் பழங்கட்டிடங்களை இடித்துப் புதியன எழுப்பும் பொருளும் வேகமும் அங்கு இல்லாது போயின. வறுமை செய்த காவல் எனலாம்! 1997-இல் அப்பகுதி தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2004-இல் கூவி விலைபேசும் வழக்கமும் ஒழிந்து, பேரம் கணினிக்குச் சென்றது. பகுதியின் பெயர் மட்டும் இன்றும் ‘பரிவர்த்தனை வட்டாரம்’ என்பதே.