கூண்டில்லா வண்டியின் சாரதி

எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் உருவாகி, மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியே வண்டலூரை அடைந்து, கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்த கரூரை நோக்கி, கூரையும் கதவும் இன்றி விரையும் பேருந்து சேஸ் வண்டிகளையும், தலையில் துண்டு சுற்றி அவற்றைச் செலுத்தும் சாரதிகளையும் தாம்பரத்துக்குத் தெற்கே வசிக்கும் அன்பர்கள் அநேகர் கண்டிருப்பீர்கள்.

வண்டியை உரியவரிடம் சேர்ப்பிக்கும் இத்தொழிலில் பிரவேசிக்க மூலதனம் சொற்பமே. கனரக வாகன உரிமமும், வெயிலையும் மழையையும் சகிக்கும் சரீரமும் முக்கியம். ஆனால் போகும்போது சாரதியாய்ப் போனவர் திரும்பும்போது பிரயாணியாகிறார். அந்தப் பஸ் கட்டணம் யாருடையது என்பதை, டீசலுக்கும் பேட்டாவுக்கும் கணக்குப் பேசும்போதே தீர்மானித்துக்கொள்வது உத்தமம். தற்காலிகப் பதிவுச் சான்றையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் பார்த்த பிறகே சாவியை வாங்குக. ஸ்டெப்னியையும் பாட்டரியையும் டூல்ஸ் பெட்டியையும் எண்ணிக் கையெழுத்திடுக. கரூரில் ஒன்று குறைந்தாலும் பழி சாரதியின் தலையில்தான் விழும்.