அளவும் எழுத்தும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படி, மரக்கால், வீசை, மணங்கு என்று நம் முன்னோர் அளந்து வந்தனர். ஊருக்கு ஊர் படி மாறியது. ஏமாந்தவன் பெரும்பாலும் விளைவித்தவனே. இக்குறையை நீக்கவே 1956-ஆம் ஆண்டில் நிறுவை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று நம்மை ஆள்வது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். தராசுக் கற்கள் மாறிவிட்டன. ஆனால் பஞ்சாயத்துப் பலகையிலும் துண்டறிக்கையிலும் நாம் எழுதும் எழுத்து இன்னும் திருந்தியபாடில்லை.

மில்லிக்கு 'மி' குறில். மீட்டருக்கு 'மீ' நெடில். மி.மீ. என்பதை 'மீ.மீ.' என்றும், மி.லி. என்பதை 'மீ.லி.' என்றும் எழுதியிருப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஒரு சுழிதானே என்று விட்டுவிடுகிறோம். 'கி.' என்னும் எழுத்தோ இதைவிடப் பொல்லாதது. அது கிலோவா, கிராமா? நிலக்கடலை விதை ஒரு கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் கலக்கும்படி வேளாண்மைத் துறையினர் கூறுகின்றனர். அதைப் பலகையில் '1 கி.க்கு 4 கி.' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? கிராம் என்று முழுவதும் எழுதிவிடலாம். இரண்டு எழுத்தை மிச்சம் பிடித்து நாம் கண்ட லாபம் என்ன?

மழையளவையும் பாருங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு ஏக்கரில் ஏறக்குறைய இருபது லட்சம் லிட்டர் தண்ணீர்! அந்த ஐம்பதின் பக்கத்தில் செ.மீ.க்குப் பதிலாக மி.மீ. என்று எழுதிவிட்டால் அது இரண்டு லட்சம் லிட்டராகக் குறைந்துவிடும். ஐப்பசியில் நாம் பழகிய மழைதான் என்று எண்ணி, ஏரிக்கரையோரம் குடியிருப்பவர் கவலையின்றி உறங்கப் போவார்.

இனிப் பட்டாவுக்கு வருவோம். இதில்தான் சொத்தே அடங்கியிருக்கிறது. பரப்பு என்ற கட்டத்தில் 0-40.50 என்று இருந்தால், முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். (ஏர் என்றதும் நமக்குக் கலப்பை நினைவுக்கு வருவது இயல்பே, இது வேறு.) ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், நூறு ஏர் சேர்ந்தது ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் ஆகும். ஆகவே 40.50 ஏர் என்பது ஒரு முழு ஏக்கர். இதை நாற்பதரை சென்ட் என்று எண்ணி விலை பேசிவிட்டால், அறுபது சென்ட் நிலத்தின் பணம் போயிற்று. பாகப் பிரிவினையிலும் இதே குழப்பம் வந்து, அண்ணன் தம்பிகள் முகம் பாராமல் போவதுண்டு. ஏர் எண்ணை 2.47 ஆல் பெருக்கிச் சென்ட் கணக்கைப் பட்டா நகலின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். எழுத்தறியாதவர்க்கு உறுப்பினர்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் ஊரிலுள்ள பலகைகளை ஒருமுறை நின்று படித்துவிட்டு வாருங்கள். ஒரு சிறிய டப்பா வர்ணமும் ஒரு தூரிகையும் போதும். அரை நாள் வேலை.