கையொப்பத்துக்கு அடங்காத உரிமைகள்

வேலை ஒப்பந்தம் என்பது ஒருவர் உழைப்பைத் தரவும் மற்றொருவர் அதற்கு ஊதியம் தரவும் இசையும் உடன்படிக்கை. அது பணி நியமன ஆணையாக எழுதப்பட்டிருக்கலாம், வெறும் வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம். ஆணை கையில் இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று நம்பிக் கடைகளிலும் பட்டறைகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைப்போர் இன்றும் ஏராளமாக இருக்க, வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கில் வரவான தொகையும் அந்த உறவுக்குச் சான்றாகும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

ஒப்பந்தச் சட்டம் இரு தரப்பையும் சமமாகவே கருதுகிறது. உலகியல் அவ்வாறு இல்லை. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைக் கைவிட்டால் அவரைச் சிறைக்கு அனுப்பவும் வழி செய்தது. வாக்குத் தவறிய முதலாளிக்கு அதில் சிறை இல்லை. அச்சட்டம் நீங்குவதற்கு முன்பே, 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஒப்பந்தம் என்ற அதே ஆயுதம் தாக்கியது. 1920இல் பக்கிங்காம் ஆலையில் தகராறு மூண்டபோது, தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று பி. பி. வாடியா முதலிய சங்கத் தலைவர்கள்மீது அவ்வாலையை நடத்திய பின்னி நிர்வாகம் வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. கூலி கேட்டுக் கூடுவதே ஒப்பந்த மீறலுக்குத் தூண்டுதல் ஆகுமெனில் சங்கம் எதற்கு என்ற கேள்வி அதனால் எழுந்தது. பதிவுபெற்ற சங்கங்களுக்கு அத்தகைய வழக்கிலிருந்து காப்பளித்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அவ்வழக்கே முதன்மைத் தூண்டுகோல்.

தனி ஒருவரின் ஒப்பந்தத்திலும், கையொப்பமிட்டதனாலேயே எல்லா நிபந்தனையும் கட்டுப்படுத்திவிடாது என்பது சட்டத்தின் இன்றைய நிலை. பணியை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்னும் விதி, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. குறித்த காலம் பணிபுரிவதாக எழுதித்தரும் பாண்ட் வேறு வகை. குறித்த காலத்துக்கு முன் விலகினால் 2 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. எனினும் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி பாண்டில் எழுதிய தொகை உச்ச வரம்பே. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும். எனவே பாண்ட் என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுவதும் தவறு, அதை வெறும் தாள் என்று எள்ளுவதும் தவறு.

தமிழ்நாட்டுக்குரிய உரிமை ஒன்று தனியே கருதத்தக்கது. தொடர்ந்து 24 மாத காலத்தில் 480 நாள் பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்று, இம்மாநிலம் 1981இல் இயற்றிய சட்டம் விதிக்கிறது. பருவகாலத் தொழிலும் ஐம்பதுக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. நியமன ஆணையில் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தாலும் கணக்கில் வருவது உழைத்த நாள்களே. அதனால்தான் 480ஆம் நாள் நெருங்குகையில் சில இடங்களில் 'பிரேக்' என்ற பணி இடைவெளி கொடுத்துப் புதிய ஆணை நீட்டப்படுகிறது. நாள்களைக் குறிக்கும் பதிவேடோ நிர்வாகத்தின் மேசையில் இருக்கிறது. தம் வேலை நாள்களைத் தாமே தேதியிட்டுக் குறித்து வைத்த தொழிலாளி, அந்தப் பதிவேட்டை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி கோரலாம்.