இடித்த பிள்ளை
(பழங்காநத்தத்தில் ஆசிரியர்களிடையே பேசியது)

ஸ்காட்லாந்தின் ஜான் தாம்சன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பையன். 18 வயதில் செல்டிக் அணியின் கோல்கீப்பர். நாலரை ஆண்டுகளில் இரண்டு ஸ்காட்டிஷ் கோப்பைகள். 1931 செப்டம்பர் 5 அன்று, கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் அணியுடன் ஆட்டம். பந்தைத் தடுக்க சாம் இங்கிலீஷ் என்ற எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்தார். முழங்கால் தலையில் இடித்தது. அன்றிரவே இறந்தார், வயது 22.

இங்கிலீஷ் மீது தவறில்லை என்றது விசாரணை. ரசிகர்கள் விடவில்லை. மறு ஆண்டே லிவர்பூல் அணிக்குப் போனார். ஏளனம் அங்கும் வந்தது. 1938இல் ஆட்டத்தையே விட்டார்.

நம் மைதானத்திலும் பிள்ளைகள் மோதிக்கொள்கிறார்கள். அடிபட்ட பிள்ளையைத் தூக்க ஓடுகிறோம், ஓடத்தான் வேண்டும். இடித்த பிள்ளை கோல் கம்பத்தருகே தனியாக நிற்கும். "நீதாண்டா தள்ளிவிட்டே" என்று பத்துக் குரல் எழும். பி.டி. ஆசிரியரோ வகுப்பாசிரியரோ, யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையின் பக்கத்திலும் போய் நிற்கவேண்டும், அப்போதே.