கிளியர் அடிக்கலாம், மூச்சையும் காப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறவை மாடு, ஊறுகாய், தையல் என்று கடன் கேட்ட நம் குழுக்களிலிருந்து, இந்த முறை வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலுக்கும் மனு வந்திருக்கிறது. கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வாங்கி, வீட்டுத் திண்ணையிலேயே அடிக்கலாம் என்று எழுதியிருக்காங்க. "இது ஆம்பளைங்க வேலையாச்சே" என்று ஒரு குரலும் கேட்டது. அப்படி ஒண்ணும் இல்லீங்க. இதற்கு வேண்டியது கை நிதானம். தினமும் வாசலில் கோலமாவு இழுக்கிற கைக்கு நிதானத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா கையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, மூச்சைப் பற்றியும் பேசணும்.

கிளியர் என்றால் என்ன? வண்டி டேங்கில் நாம் பார்க்கிற நிறம் ஒரு பூச்சு. அதன் மேல் தெரிகிற பளபளப்பு இன்னொரு பூச்சு. பட்டி, பிரைமர், நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர். வெயிலையும் மழையையும் தாங்கி நிறத்தைக் காப்பது இந்தக் கடைசிப் பூச்சுதான்.

நிறம் அடித்ததும் அவசரப்படக் கூடாது. ஈரப் பளபளப்பு போய் மங்கலாகும் வரை, சுமார் 15 நிமிடம் பொறுக்கணும். கிளியரோடு ஹார்டனர் கலக்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு. சிலது 2-க்கு 1, சிலது 4-க்கு 1. குழம்புக்கு உப்புப் போடுகிற கண்ணளவு இங்கே செல்லாது. கலந்தது சில மணி நேரத்தில் இறுகிவிடும். அதனால் தேவைக்கு மட்டும் கலக்கணும்.

கன்னை 6 முதல் 8 அங்குலத் தூரத்தில் பிடித்து, நேராக ஓட்டணும். கையை வளைத்து வீசக் கூடாது. முதல் ஓட்டத்தின் பாதி மேல் அடுத்த ஓட்டம் விழணும். முதல் கை மெலிசாக. 10 நிமிடம் கழித்து இரண்டாவது கை கொஞ்சம் ஈரமாக. கிட்டே வைத்து மெதுவாக ஓட்டினால் வடியும். தூரமாக வைத்து வேகமாக ஓட்டினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் குழி குழியாக விலகும். வடிந்தால் ஈரத்தில் தொடாதீங்க. நன்றாகக் காய்ந்த பிறகு 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் சரியாகும். முதலில் ஒரு பழைய மட்கார்டில் பழகுங்க. வாடிக்கையாளர் வண்டி அப்புறம்.

இனிதான் முக்கியமான விஷயம். போபாலில் 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான உயிரைக் குடித்தது மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷவாயு. ஹார்டனரில் இருப்பது அந்த வாயு இல்லை, ஆனால் அதே ஐசோசயனேட் குடும்பம். டப்பாவில் சும்மா இருக்கும்போது அதிகம் ஆவியாகாது. கன்னில் அடிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத பனியாகி நெஞ்சுக்குள் போகும். வாசனை வந்து எச்சரிக்கும் என்று நினைக்காதீங்க, வராது. இதனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு ஒத்துக்காமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான்.

சாயங்காலமும் ராத்திரியும் இருமல், நெஞ்சு இறுக்கம். லீவு நாளில் மட்டும் நல்லா இருக்கும். இதுதான் அடையாளம். பட்டறைக்குப் போகிற உங்க வீட்டுக்காரருக்கோ மகனுக்கோ இப்படி இருந்தால், "பீடியால வந்தது" என்று விட்டுவிடாதீங்க. டாக்டரிடம் ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடிக்கிற விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்க.

முந்தானையோ, ஈரத்துண்டோ, துணி மாஸ்க்கோ இதைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகக்கவசம்தான் சரியான பாதுகாப்பு. அந்தக் காற்றுக்கும் தனி வடிகட்டி வேண்டும். கம்ப்ரஸர் குழாயை அப்படியே செருகக் கூடாது. கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைத்த தனி அறை, இதெல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். அடித்து முடித்ததும் கவசத்தைக் கழற்றாதீங்க, அறைக் காற்று தெளிகிற வரைக்கும் பனி உள்ளேயே நிற்கும்.

அப்படியானால் திண்ணை? வேண்டாம். தின்னர் ஆவி தரையோடு ஓடி அடுப்பில் பற்றும். பிள்ளைகள் தூங்குகிற இடமும் அதுதான்.

அதற்காகத் தொழிலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய பெயிண்டை ஈரத்தில் தேய்ப்பது, பட்டி பார்ப்பது, பாலிஷ் போடுவது, இதெல்லாம் வீட்டருகே கற்றுக்கொண்டு செய்யலாம். கிளியரை மட்டும் வசதியுள்ள பட்டறையில் கூலி கொடுத்து அடித்து வாங்கலாம். பணம் சேர்ந்த பிறகு, இரண்டு மூன்று குழு சேர்ந்து ஒரு பொது அறை கட்டலாம்.

குழுக்கூட்டத்தில் இந்தக் கடன் மனு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே அடிக்கப் போறீங்க? காற்றுக் கவசத்துக்குப் பணம் மனுவில் இருக்கா? வேலை செய்து பழகியாச்சா? கன் விலை மட்டும் எழுதி, கவசம் விட்டுப்போன மனுவைத் திருப்பிக் கொடுத்து, சேர்த்து எழுதி வாங்குங்கள். கடன் கூடினால் தவணையில் கட்டிவிடலாம். மூச்சுக்குத் தவணை கிடையாது.

இதை எல்லாக் குழுவிலும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.