நுரையும் பாடத்திட்டமும்

(ஜமாஅத் கல்வி விழாவில் அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

அறிவியலை எவ்வாறு கற்பிப்பது என்பது குறித்துச் சில சொற்கள் கூறப் பணித்தீர்கள். நம் ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை குவிந்ததைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஏன் நுரைக்கிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தமிழில் நுரை, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு, உருதுவில் ஜாக் என நான்கு வீட்டுப் பிள்ளைகளும் பேசத் தொடங்கிவிடுவார்கள். பரப்பு இழுவிசை என்ற சொல்லோடு தொடங்கினால் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை.

உயரத்திலிருந்து விழுவதால் நுரைக்கிறது என்பான் ஒருவன். சோப்பு என்பாள் மற்றொருத்தி. ஒரே அளவுள்ள பாட்டில்களில் கிணற்று நீரையும் துணி துவைத்த நீரையும் பாதியளவு நிரப்பி, ஒரே எண்ணிக்கையில் குலுக்கி, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கணக்கிடச் சொல்கிறோம். (அணை நீரைப் பிள்ளைகள் தொடவே கூடாது.) கிணற்று நீரிலும் குமிழிகள் எழும், ஆனால் உடனே உடைந்துவிடும். ஆகவே விழுவது மட்டும் போதாது. குமிழியைத் தாங்கும் பொருளொன்று நீரில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இம்முறையை, சிப்காட் ஆலைகளில் பழுது பார்க்கும் தந்தையர் எங்களைவிட நன்கறிவர்.

புத்தகத்தில் இது பத்து நிமிடப் பத்தி. இவ்வாறு நடத்தினால் மூன்று பாடவேளைகள். அவை எங்கிருந்து வரும்?

அரசு இடமே தரவில்லை என்று கூற இயலாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, நூற்றில் 40 மதிப்பெண் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்குமென ஒதுக்கப்பட்டது. அந்தச் செயல்பாட்டு மதிப்பெண்ணில் பெரும்பகுதியைக் கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட்டுகளே விழுங்கின என்பது வேறு கதை.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டம், தேர்வையும் சேர்த்தே மாற்றியது. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதினர். செய்முறைக்கும் தேர்வு உண்டு. தேர்வு பழையபடியே இருந்தால் பாடம் மெல்ல நோட்ஸுக்குத் திரும்பிவிடும். எனவே ஆண்டுத் திட்டத்தை வகுக்கையில் முதலில் எழுத வேண்டியது வினாத்தாள் என்பேன்.

நமது மாலை வகுப்புகளில் இதைத் தொடங்கலாம். மாதம் ஒரு வாரம் ஒரே கேள்விக்கு. அம்மாதத் தேர்வில் புத்தகத்தில் விடையில்லாத வினா ஒன்று. எடுத்துக்காட்டாக: "இரண்டு பாட்டில்களில் ஒன்று நுரைக்கிறது, மற்றொன்று நுரைக்கவில்லை. நுரைக்காத நீரைக் குடிக்கலாமா?" கரைந்த உப்பும் உலோகமும் நுரைப்பதில்லை, ஆகவே, "இதைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது, இன்னும் சோதிக்க வேண்டும்" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் வழங்க, பெற்றோர்களாகிய தங்களின் இசைவை வேண்டுகிறேன்.