விசாரிக்கும் உரிமை யாருக்கு? என்ரிகா லெக்சி வழக்கு



2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 20.5 கடல்மைல் தொலைவில், 'செயின்ட் ஆண்டனி' என்னும் மீன்பிடிப் படகின்மீது 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் தமிழகத்தின் குமரி மாவட்டத்தினர்; மற்றவர் கொல்லத்தினர். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பலைக் காக்க அமர்த்தப்பட்டிருந்த இத்தாலியக் கடற்படை வீரர் இருவர் கைதாயினர்.

பின்னர் இரு அரசுகளும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. அவர்கள் சுட்டது குற்றமா என்பதைப் பற்றியன்று. அவர்களை விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியே.

கேரளக் காவல்துறை 'கொலை' என்றது. அரசுப் பணியில் நிகழ்ந்த செயலாதலால் 'விலக்குரிமை' உண்டு என்றது இத்தாலி. அந்த ஏப்ரலில் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியபோதும் அதனை நல்லெண்ணத் தொகை என்றதே தவிர, 'இழப்பீடு' என்னவில்லை. இழப்பீடு என்றால் பொறுப்பை ஏற்றதாகிவிடும் அல்லவா? மொழி பயில்வோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும்.

2013இல் தூதரின் உறுதிமொழியின்பேரில், வாக்களிக்கத் தாயகம் சென்ற வீரர்களைத் திருப்பி அனுப்ப இத்தாலி மறுத்தது. தூதர் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தூதருக்கு அளிக்கும் காப்பையே உரசிப் பார்த்த ஆணை அது, துணிவானது என்பேன். வீரர்கள் திரும்பினர். இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்சி பதவி விலகினார்.

ஈப்போவைச் சூழ்ந்த பால்மரத் தோட்டங்களில் உழைத்தோரின் வழிவந்த நமக்கு இவ்வகைச் சிக்கல் புதிதன்று. 1920களில் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். அவர் தோட்டங்களைப் பார்வையிடலாம், அறிக்கை எழுதலாம். துரையைத் தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

2020இல் நடுவர் மன்றம், மூவருக்கு இருவர் என்ற கணக்கில், வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு என்றது. ஆயினும் இத்தாலி இழப்பீடு தரவேண்டும் என்றது. எட்டாண்டுகளுக்குப் பின்னரே அச்சொல் ஏட்டில் ஏறியது. 2021 ஜூனில் பத்துக் கோடி ரூபாயை ஏற்று, உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. மாண்டோர் குடும்பங்களுக்கு நான்கு கோடி வீதம். படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி. ரோமில் நடந்த விசாரணையும் 2022இல் கைவிடப்பட்டது.

படகில் உயிர் தப்பிய மீனவர்களும் தம் பங்கைக் கேட்டு நீதிமன்றம் ஏறினர். உரிமையாளரின் தொகையிலிருந்து அவர்களுக்கு ஆளுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் பிரித்துத் தரப்பட்டது.